வெள்ளைக் கருதில் மஞ்சள் முத்து

என் வேலை என்னவென்று சொன்னால் உறவுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். காற்றில் போகிற மகரந்தமும் பூஞ்சை வித்துக்களும் விதைகளும் எங்கே போய் இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. கோயமுத்தூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பாதி ஆயுசை இதிலேயே கழித்துவிட்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "காத்துக்குக் கணக்குப் பாக்கறதுக்கெல்லாம் ஒரு ஆபீசுங்களா அம்மணி?" என்று கேட்டார். "ஆமாங்க, நீங்க பேசறது எங்க போய்ச் சேருதுன்னும் பாக்கறோமுங்க" என்றேன். அப்புறம் அந்தப் பந்தி முடிகிறவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் போலக் கணக்குக்கு வசதியான காற்று வேறெங்கும் கிடையாது. மேற்கே மலை வரிசையில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி பிறந்தால் காற்று அது வழியாக நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று கிழக்கே பார்த்து ஓட ஆரம்பிக்கும். ஆவணி முடிகிறவரை நிற்காது. கொடியில் போட்ட துணி பக்கத்துக் காட்டில், அதாவது வயலில், கிடக்கும், கண்ணில் மண் விழும், எல்லோரும் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். ஒரே திசையில், ஒரே பிடிவாதமாக அடிக்கிற காற்று எனக்கு நல்ல பிள்ளை.

கணக்கு என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு வயலை உண்டாக்கி, ஒரு செடியின் தலையிலிருந்து ஆயிரமாயிரம் துகள்களை விடுவேன். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கனம் உண்டு, கீழே இறங்குகிற வேகம் உண்டு. காற்று அதை முன்னால் தள்ளும். தள்ளுகிறபோதே சுழற்றும், தூக்கும், இறக்கும். கடைசியில் அது எங்கே விழுந்ததோ அங்கே கம்ப்யூட்டர் ஒரு புள்ளி வைக்கும். எருக்கம் விதைக்குப் பஞ்சு இருப்பதால் ஊர் தாண்டிவிடும். துருநோயின் வித்து கண்ணுக்கே தெரியாத பொடி, அது மாநிலம் தாண்டும். மக்காச்சோளத்தின் மகரந்தம் கனமான ஆள். பெரும்பங்கு நாலைந்து வரிசைக்குள் விழுந்துவிடும், மிச்சம் கொஞ்சம்தான் தூரம் போகும். இந்தக் கணக்கில் நான் அதிகம் தவறியதில்லை. தன்னடக்கத்துக்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

இதெல்லாம் எதற்கென்றால், இரண்டு வருடம் முன்பு என் அக்காவின் தோட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் தோட்டம் தாராபுரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் இறந்த பிறகும் அவள் தனியாளாகத்தான் பண்ணயம் பார்க்கிறாள். ஒரே மகள் கோயமுத்தூரில் இருக்கிறாள். தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்குப் போன் செய்து, "எப்பம்மா இங்க வர்றே?" என்று கேட்பாள். அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். மேற்குப் பக்கம் ஒட்டினாற்போல் இருப்பது அவளுடைய கொழுந்தனாரின் தோட்டம். வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் இறந்த வருடமே கொழுந்தனார், "கஷ்டமா இருந்தா எனக்கே குத்தகைக்கு விட்டுருங்க நங்கையா" என்று ஒரு தடவை கேட்டிருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் காட்டில் ஒரு சாண் இடம் சும்மா கிடக்காது. எந்தப் போகத்திலும் முளைக்காத சொட்டை ஒன்றுகூட இருக்காது. "என்ற கை ராசி அப்படி" என்று விருந்துக்கு வருகிற ஒரம்பரைக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

அந்த வருடம் அவள் விதைக்காக வெள்ளை மக்காச்சோளம் போட ஒப்புக்கொண்டாள். எங்கள் நிலையத்தின் மூலமாக வந்த ஏற்பாடுதான். சாப்பாட்டுக்கான ரகம், மணி முத்துப்போல வெளுப்பாக இருக்கும். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. பக்கத்தில் வேறு மக்காச்சோளம் இருந்தால் அது பூக்கிற காலமும் இது பூக்கிற காலமும் ஒன்றாக இருக்கக் கூடாது. கருது என்றால் கதிர். அதன் நுனியில் தொங்குகிற ஒவ்வொரு முடிக்கும் ஒரு மணி. அந்த முடியில் மஞ்சள் ரகத்தின் மகரந்தம் ஒன்று விழுந்தால் போதும், அந்த மணி அதே பருவத்தில் மஞ்சளாகிவிடும். வேறு எந்தப் பயிரும் இவ்வளவு பச்சையாகக் காட்டிக்கொடுக்காது. எனக்கு இதைவிடச் சந்தோஷம் ஏது? காற்று எங்கே போனது என்பதைக் கருதே மணி மணியாக எழுதி வைத்துவிடும். அதற்கு முந்தின வருட ஆனியிலேயே அவள் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, காற்றின் வேகமும் திசையும் பார்க்கிற கருவியைக் கட்டிவைத்திருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் அதை 'அம்மணி காத்தாடி' என்பார்கள்.

கொழுந்தனார் ஒவ்வொரு வருடமும் கோழித் தீவனத்துக்கு மஞ்சள் மக்காச்சோளம்தான் போடுவார். அவரை மூன்று வாரம் தள்ளி விதைக்கச் சொல்ல வேண்டும். "கேட்டுப்போட்டியா?" என்று அக்காவிடம் போனில் கேட்டேன். "கேட்டுப்போட்டேன் கண்ணு. சரீன்னு சொல்லிப்போட்டாரு" என்றாள்.

அவள் கேட்டது எப்படி என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வரப்பில் பார்த்தபோது, "ஏனுங் தம்பி, இந்தத் தடவை வெதைப்பு எப்பங்க?" என்றிருக்கிறாள். அவர், "பாத்துக்கலாமுங்க நங்கையா" என்றிருக்கிறார். இரண்டு பேரும் நல்லபடியாகப் பேசி முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தள்ளி விதையுங்கள் என்று இவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்தவர் காட்டுக்கு உத்தரவு போட்டது போல ஆகிவிடுமாம். அவர் 'பாத்துக்கலாம்' என்றது, இன்னும் நாள் முடிவு செய்யவில்லை என்ற அர்த்தத்தில். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சரி என்றும் அர்த்தம் உண்டு, மாட்டேன் என்றும் உண்டு, போய்ட்டு வாங்க என்றும் உண்டு. ஒரு 'ங்க' போட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். பொறுமையே இல்லாத நான் இந்த ஊரில் எப்படி வளர்ந்தேனோ தெரியவில்லை.

வைகாசியில் அக்கா விதைத்தாள். அதே வாரத்தில் கொழுந்தனாரும் விதைத்தார். விதைத்த கையோடு அக்கா கோயமுத்தூர் வந்துவிட்டாள், மகளுக்குப் பிரசவம். அவள் இங்கே இருந்த நாளெல்லாம் அவள் பங்குத் தண்ணீரையும் கொழுந்தனார்தான் கட்டினார். அவள் திரும்பிப் போனபோது பயிர் முழங்கால் உயரத்துக்கு வரிசை தப்பாமல் நின்றது. மேற்கே பார்த்தால் அவருடைய பயிரும் அதே உயரத்தில் நின்றது. அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடியில் இரண்டு பயிரும் ஒன்றாகப் பூத்தன, மேற்கேயிருந்து மேகாத்து பேய்த்தனமாக அடித்தது.

ஆவணிக் கடைசியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை. கருதின் தோலை உரித்துப் பார்த்திருக்கிறாள், வெள்ளையில் மஞ்சள் மஞ்சளாக.

"வேணும்னேதான் செஞ்சிருக்காரு. என்னைய இங்கிருந்து கெளப்பிப்போட்டுக் காட்டைப் புடிக்கோணும், அவ்வளவுதான். நீ வந்து உன்ற கம்ப்யூட்டருல போட்டு, அவரு காட்டுல இருந்துதான் வந்துதுன்னு காட்டிக்குடு. நாலு பேரு முன்னால வெச்சுக் கேட்டுப்போட்டு, யாரோ அசலூர்க்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுப்போட்டு நான் மக ஊட்டுக்கு வந்தர்றேன். அக்கம்பக்கத்து ஆளே ஆகாதுன்னு ஆனப்புறம் தனியா இங்க என்னத்துக்கு?"

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அழுகையைப் போனில் காட்ட மாட்டோம். எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நிரூபிப்பது சுலபம் என்று நினைத்தேன். மேற்கே மஞ்சள், கிழக்கே வெள்ளை, நடுவில் ஆடி மாதம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

காய்ந்த சோளத்தட்டு உடம்பெல்லாம் கீறும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் அக்காவும் மேற்கு வரப்பிலிருந்து உள்ளே போனோம். வரிசைக்குச் சில கருதுகளைத் தோல் கீறிப் பார்ப்பது, மஞ்சள் எவ்வளவு என்று பார்த்துச் செடியில் கலர்த் துணி கட்டுவது. நிறைய இருந்தால் சிவப்பு, கொஞ்சம் என்றால் பச்சை, இல்லவே இல்லை என்றால் துணி கிடையாது. முதல் வரிசைகள் ஒரே சிவப்பு. அக்கா ஒவ்வொரு முடிச்சையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். போகப் போகப் பச்சை. அப்புறம் துணிக்கு வேலையே இல்லை. கருதெல்லாம் பால்போல இருந்தது. என் கணக்கு முந்தின நாளே சொன்னதும் அதைத்தான், கிட்டத்தட்ட அதே தூரத்தில். கம்பத்துக் கருவியின் காற்று, மகரந்தத்தின் கனம், பயிரின் உயரம் எல்லாம் சேர்ந்து போட்ட கோடும் கருதும் ஒன்றாக இருந்தன. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை அக்காவிடம் காட்டாமல் மறைக்கப் படாத பாடு பட்டேன்.

"அவரு காட்டுப் பூ இவ்வளவு தூரம்தான் வந்திருக்குதுக்கா. இந்த ஓரத்தை மட்டும் கழிச்சுப்போட்டா மிச்சம் விதைக்கு ஆகும்" என்றேன்.

"வா, நடுக்காட்டைப் பாத்துப்போட்டுச் சொல்லு" என்றாள்.

நடுக்காட்டில் ஒரு கருதை உரித்தேன். மஞ்சள். பக்கத்தில் ஒன்று, மஞ்சள். கொஞ்சம் தள்ளி வெள்ளை. மறுபடி ஓரிடத்தில் அள்ளித் தெளித்தது போல மஞ்சள். கிழக்கு வரப்பு வரைக்கும் அங்கங்கே இப்படியே.

"பாத்தியா? காத்துல எங்க வரைக்கும் வந்திருக்குதுன்னு?"

"இது காத்துல வந்ததில்லக்கா."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ற கம்ப்யூட்டரும் அவிகளுக்குத்தான் பேசுதா?" என்றாள். எனக்கும் சுருக்கென்றது. கம்ப்யூட்டருக்கு உறவு கிடையாது, பங்காளி கிடையாது என்று நானும் கத்தினேன். மேற்கிலிருந்து காற்று கொண்டுவந்தால் ஓரத்தில் அதிகமாக இருந்து உள்ளே வரவரக் குறைய வேண்டும். குறைந்து, இல்லாமலே போய், மறுபடி நடுவில் எழும்பாது. தாண்டிக் குதித்து வந்து இறங்க மகரந்தத்துக்குக் கால் இல்லை. அப்படியே தூரம் வந்தாலும் காடு முழுக்க இங்கொன்று அங்கொன்றாகத்தான் விழும், இப்படிக் கும்பல் கும்பலாக விழாது. எனக்கு என் கணக்கின் மேல் சந்தேகமே வரவில்லை. கருதைத்தான் இன்னும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் நடுக்காட்டு மஞ்சள் எல்லாவற்றுக்கும் துணி கட்டினோம். கம்பத்துக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு கும்பலும் மேற்கே சிவப்பாக ஆரம்பித்து, கிழக்கே பச்சையாக நீண்டு முடிந்தது. தலையும் வாலுமாகத் தலைப்பிரட்டைகள் நீந்துவது போல, எல்லாத் தலையும் மேற்கே, எல்லா வாலும் கிழக்கே. அப்படியானால் ஒவ்வொரு தலையிலும் பூ விட்ட செடி ஒன்று நிற்க வேண்டும். அக்காவின் காட்டுக்கு உள்ளேயே.

இறங்கி ஓடினேன். முதல் தலையில் நின்ற செடியின் கருதை உரித்தால், அடி முதல் நுனி வரை மஞ்சள். ஒரு வெள்ளை மணி கிடையாது. அது வெள்ளைச் செடியே இல்லை. அடுத்த தலையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மேலே பார்த்தால் எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கும், தோல் உரிக்காமல் யாருக்கும் தெரியாது.

"போன வருசம் கொட்டினது தானா மொளைச்சிருக்கும்" என்றாள் அக்கா. குரலில் பழைய சூடு இல்லை.

தானாக முளைப்பது வரிசை பார்த்து முளைக்காது. இவை வரிசையில், இடைவெளி தப்பாமல் நின்றன. இன்னொன்றும் கவனித்தேன். அக்காவின் செடிகள் எல்லாம் குழிக்கு ஒன்று. இந்த மஞ்சள் செடிகள் மட்டும் குழிக்கு இரண்டு. அதைச் சொல்ல அக்காவின் பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே அந்த ஜோடிச் செடியின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழிக்கு ரெண்டு போடற ஆளு இந்த வட்டாரத்துலயே ஒருத்தருதான்" என்றாள், மேற்கு வரப்பைப் பார்த்தபடி. "ஒண்ணு ஏமாத்துனா ஒண்ணு நிக்கும்னு சொல்லுவாரு. என்ற ஊட்டுக்காரரு இருந்தப்ப இதுக்காகவே அவரைக் கேலி பண்ணுவாரு."

பொழுது சாயத் தண்ணீர் முறைக்காகக் கொழுந்தனார் மோட்டார் ரூமுக்கு வந்தார். காடு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகத் துணி பறப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனுஷன். அக்கா ஒரு முழு மஞ்சள் கருதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். என் வாயை மட்டும் கஷ்டப்பட்டு மூடிக்கொண்டேன்.

"இது என்ற காட்டுக்குள்ள எப்பிடிங் தம்பி வந்துது?"

அவர் கருதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"நானுதானுங்க நங்கையா ஊனுனேன். நீங்க பிரசவத்துக்குப் போயிருந்தப்ப தண்ணி கட்டலாம்னு வந்தனுங்க. அங்கங்க மொளைக்காம சொட்டையாக் கெடந்துதுங்க. நீங்க வந்து பாத்தா மனசு சங்கடப்படுவீங்களேன்னு எங்கிட்ட இருந்த இன்னொரு ரகத்து வெதையைப் போட்டு உட்டனுங்க. அது சீக்கிரம் பூக்கறதுங்க, பின்னால ஊனுனாலும் எட்டிப் புடிச்சுக்கும்னு நெனைச்சனுங்க. இது வெள்ளைன்னே எனக்குத் தெரியாதுங்க."

"அக்கா உங்களைத் தள்ளி வெதைக்கச் சொன்னாங்களேங்க மாமா" என்றேன். மூடிய வாய் திறந்துவிட்டது.

"எப்ப வெதைப்புன்னுதானுங்க அம்மணி, நங்கையா கேட்டாங்க" என்றார் அவர். உண்மையாகவே குழம்பிப்போய் நின்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போட்டது சரி. போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"எப்பிடிங்க சொல்றது? சொன்னா உங்களால முடியலைன்னு சொன்ன மாதிரி ஆயிருமில்லைங்க. முன்னால ஒருக்கா, கஷ்டப்படறீங்களேன்னு குத்தகைக்குக் கேட்டுப்போட்டு, உங்க மூஞ்சி மாறினதைப் பாத்தனுங்க. அப்புறம் எதையுமே சொல்றதில்லைங்க."

எதையுமே என்ற சொல் அக்காவைப் பிடித்து நிறுத்தியது. அப்புறம் கேட்டாள். புகுந்த வீட்டு மனிதர் ஒருவரிடம் என் அக்கா 'ங்க' இல்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எத்தனை நாளாடா இதைச் செய்யறே?"

"அண்ணன் போனதுல இருந்துங்க."

ஒவ்வொரு போகமும். அவள் கோயிலுக்கோ சந்தைக்கோ மகள் வீட்டுக்கோ போகிற நாளைப் பார்த்து, முளைக்காத இடத்தில் எல்லாம் விதையை ஊன்றி, மண்ணை மிதித்துவிட்டு, வரப்பைத் தாண்டி வந்துவிடுவாராம். அப்போதெல்லாம் இரண்டு காட்டிலும் ஒரே பயிர் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. இந்த மனுஷனை நாலு பேர் முன்னால் நிறுத்தத்தான் நான் லேப்டாப்போடு வந்திருந்தேன்.

"என்ற கை ராசின்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்டா" என்று சொல்லி அக்கா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கையிலிருந்த கருதால் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"உங்க கை ராசிதானுங்க நங்கையா. நான் போட்டது நாலஞ்சு குழிதானுங்க" என்றார் அவர்.

நான் அவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தது. ஓரத்து மஞ்சளை மட்டும் என்றால் கழித்துவிடலாம். காடு முழுக்க இப்படி இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர் ஒப்புக்கொள்ள மாட்டார், விதை போனது போனதுதான். காற்று செய்திருந்தால் பாதிக் காடாவது தப்பித்திருக்கும் என்றேன். கொழுந்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா சொன்னாள், "போனாப் போகுது, கோழி திங்கட்டும். நீ எந்திரி, ஊட்டுக்கு வந்து சாப்புடு."

வீட்டுக்குள் வந்து அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. மகள்தான். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். இந்தத் தடவை அக்கா பேச்சை மாற்றவில்லை. இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

"நான் எங்கயும் வரலை கண்ணு. இங்க எனக்கு ஆளிருக்குது."